முதல் ஃப்ளாட் வாங்கும் இளையவர்களின் கேள்விகள்

விளம்பரத்தில் 1,150 சதுர அடி. உள்ளே போய்ப் பார்த்தால் இரண்டு அறையும் சின்னதாக இருக்கின்றன. ஏமாற்றுகிறார்களா? வீட்டிலிருந்து வேலை செய்ய ஓர் அறை வேண்டும். (மேடவாக்கம்)

அந்த 1,150 பெரும்பாலும் ‘சூப்பர் பில்டப்’ கணக்கு. மாடிப்படி, லிஃப்ட், நடைபாதை, ஜிம் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அதில் சேர்ந்துவிடும். நீங்கள் கேட்க வேண்டியது கார்பெட் பரப்பு, அதாவது வீட்டுக்குள் நீங்கள் உண்மையில் பயன்படுத்தும் தரைப்பரப்பு. 2016-ஆம் ஆண்டின் ரெரா (மனை, கட்டட விற்பனை ஒழுங்குமுறை) சட்டப்படி வெளிச்சுவர், பால்கனி, திறந்த மொட்டைமாடி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் ஆகியவை அதில் சேராது. வீட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். கார்பெட் பரப்பை விளம்பரப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். 70 விழுக்காட்டுக்கு மிகவும் கீழே போனால், பொது வசதிகளுக்கே அதிகம் கொடுக்கிறீர்கள். இரண்டு கட்டடங்களை ஒப்பிடும்போது மொத்த விலையைக் கார்பெட் சதுர அடியால் வகுத்து ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்தது பல நேரம் அப்படி இருக்காது.

வேலை அறைக்கு 8 × 10 அடி போதும். ஆனால் 4 அடி மேசை போட்ட பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ள 3 அடி வேண்டும், கதவு அதில் இடிக்கக் கூடாது. வரைபட அளவு பூச்சுக்கு முந்தையதா என்றும் கேளுங்கள். பூச்சு ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் தின்னும். அலமாரிக்கு இம்மியும் இடம் விடாமல் அளவெடுத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

70 லட்ச ரூபாய் ஃப்ளாட். கையில் 15 லட்சம் இருக்கிறது. போதுமா? (கோவிலம்பாக்கம்)

போதாது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 80 விழுக்காடுதான் உச்சவரம்பு. 56 லட்சம் கடன் போக 14 லட்சம் உங்களுடையது. கட்டி முடியாத ஃப்ளாட் என்றால் ஜிஎஸ்டி 5 விழுக்காடு, 3.5 லட்சம். தமிழ்நாட்டில் 2023 டிசம்பரிலிருந்து புது ஃப்ளாட்டின் முதல் பதிவுக்கு நிலம், கட்டடம் இரண்டும் சேர்ந்த மதிப்பு 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை இருந்தால் முத்திரைத்தாள் 5, பதிவுக்கட்டணம் 2 விழுக்காடு. மதிப்பு 70 லட்சமே என்று வைத்தால் 4.9 லட்சம். ஆக 22.4 லட்சம். வக்கீல், வங்கிக் கட்டணம், மின்விசிறி, அலமாரியெல்லாம் இதற்கு மேல். முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை இந்த அளவு வீட்டுக்கு வங்கி கடனில் சேர்க்காது. பலருடைய திட்டம் உடைவதே கையிலிருந்து போட வேண்டிய இந்தக் கடைசித் தொகையில்தான். தனிநபர் கடன் வாங்கி நிரப்புவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 56 லட்சத்துக்கு 8.5 விழுக்காட்டில் 20 ஆண்டு என்றால் மாதத் தவணையே ஏறக்குறைய 48,600 ரூபாய். பணி முடிவுச் சான்று வந்த ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது. உங்கள் நிலையில் அதைத் தேடுவதே நல்லது.

ஒரு வாரத்தில் 20 விழுக்காடு கட்டச் சொல்கிறார்கள். (ஆவடி)

ரெரா பதிவு உள்ள கட்டுமானத்தில், விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் 10 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது. முதலில் ஒப்பந்தம் பதிவாகட்டும். பதிவு எண்ணைத் தமிழ்நாடு ரெரா தளத்தில் போட்டு, நிறுவனம் உறுதியளித்த முடிவுத் தேதியையும் பாருங்கள். விற்பனையாளர் வாயால் சொல்லும் தேதி அதோடு ஒத்துப்போக வேண்டும்.

மின்சார கார் வாங்கப்போகிறேன். பார்க்கிங்கில் பிளக் இருந்தால் போதுமா? (சிறுசேரி)

அது யாருடைய மீட்டரில் ஓடுகிறது என்பது முதல் கேள்வி. பொது மீட்டர் என்றால் நாளைக்குச் சங்கத்தில் தகராறு. உங்கள் மீட்டரிலிருந்து உங்கள் பார்க்கிங் வரை தனி வயர் வர வேண்டும்.

16 ஆம்பியர் பிளக்கில் சுமார் 3.3 கிலோவாட் கிடைக்கும். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிரம்ப ஏறக்குறைய 10 மணி நேரம். இரவில் போட்டு எடுப்பவருக்கு அதுவே தாராளம். 7.4 கிலோவாட் சுவர்ப்பெட்டி 32 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 30 மீட்டர் தூரம் வரை 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், அதைத் தாண்டினால் 10. தனி பிரேக்கர், 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான், சரியான எர்த் மூன்றும் கட்டாயம். சாதாரண வயரில் மணிக்கணக்காக முழு லோடு ஓடும்போது இணைப்புகள் சூடாகி சாக்கெட் உருகும். தீ பிடிக்கும் ஆபத்தும் உண்டு. வீட்டுக்கு அனுமதித்த மின்சுமை 5 கிலோவாட் என்றால் அதையும் கூட்ட வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன்பே மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: பார்க்கிங் எண், மீட்டர் அறையிலிருந்து அதுவரை வயர் இழுக்கக் காலிக் குழாய், சார்ஜர் பொருத்த அனுமதி. குடியேறிய பிறகு கேட்டால் ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் அலைய வேண்டியிருக்கும்.

ஆறே வீடு உள்ள கட்டடம், ரெரா பதிவு இல்லை. வாங்கலாமா? (குரோம்பேட்டை)

நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளோ வீடுகள் எட்டுக்குள்ளோ இருந்தால் பதிவு தேவையில்லை. அதனால் சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, மூலப் பத்திரங்கள், பட்டா, அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றை வக்கீலிடம் கொடுங்கள். அனுமதி நான்கு வீட்டுக்கு, நிற்பது ஆறு என்றால் விலகிவிடுங்கள். ஆறு பேருடைய யுடிஎஸ்ஸையும் (பிரிக்கப்படாத நிலப் பங்கு) கூட்டினால் மொத்த நிலத்தைத் தாண்டக் கூடாது.

பத்திரம் சரியாக இருந்தாலும் தெருவை விசாரியுங்கள். 2015-லும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, மே மாதத்தில் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள் என்று பக்கத்துக் கட்டடக் காவலாளியும் எதிர்க் கடைக்காரரும் சொல்வார்கள்.