சோத்துத் தட்டை மட்டும் எடுத்து வையுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலு வயசு. எழுந்ததிலிருந்து கரண்டியும் கையுமாகத் தட்டு, குடம், வாசல் கேட் என்று தட்டிக்கொண்டே இருக்கிறான். 'சோத்துத் தட்டைத் தட்டினா வீட்டுக்கு ஆகாது' என்று அத்தை சத்தம் போடுகிறார்கள். கீபோர்டு வகுப்பில் சேர்த்தால் அடங்குவானா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

கீபோர்டு இப்போது வேண்டாம். அதில் எந்தக் கட்டையை அமுக்கினாலும் சத்தம் தயாராக வந்துவிடும். எப்படிப் பிறந்தது என்று பிள்ளைக்குப் புரியாது. உங்கள் மகன் தேடுவதே அதைத்தான். குடம் ஒரு மாதிரி பேசுகிறது, கேட் வேறு மாதிரி பேசுகிறது என்று அவன் கை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. அதை அடக்கிவிடாதீர்கள்.

அத்தை பேச்சையும் தட்ட வேண்டாம். சாப்பிடுகிற தட்டை எடுத்து வைத்துவிட்டு, ஒரு பித்தளைச் செம்பு, ரெண்டு சிரட்டை, ஒரு மரக்கரண்டி கொடுங்கள். மத்தியானம் வீடு தூங்கும்போது மட்டும் தட்டக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். செம்பைத் தட்டியதும் விளிம்பில் மெதுவாக விரல் வைக்கச் சொல்லுங்கள். நடுக்கம் தெரியும். இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் நிற்கும், சத்தமும் கூடவே நிற்கும். சத்தம் என்பது நடுக்கம்தான் என்பதை நாம் வாயால் சொல்லவே வேண்டாம்.

அடுத்து, காலியான நன்னாரி சர்பத் பாட்டிலை எடுங்கள். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் மெல்லத் தட்டட்டும். இன்னும் ஊற்றித் தட்டினால் சத்தம் கனத்துக் கீழே இறங்கும். இப்போது நீங்கள் அதே பாட்டிலின் வாயில் குறுக்காக ஊதுங்கள். இங்கே தண்ணீர் ஏற ஏறச் சத்தமும் மேலே ஏறும்! தட்டும்போது கண்ணாடியும் தண்ணீரும் சேர்ந்து நடுங்குகின்றன. தண்ணீர் கூடினால் பாரம் கூடி நடுக்கம் மெதுவாகும். ஊதும்போது நடுங்குவது உள்ளே இருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறுகி நடுக்கம் வேகமாகும். காரணத்தை அவனுக்கு இப்போதே விளக்க வேண்டாம். 'ஏன் மாறுது?' என்று அவன் கேட்கும்வரை காத்திருங்கள். பாட்டில் கண்ணாடி, பக்கத்திலேயே இருங்கள். புளியங்கொட்டை போட்டுக் கிலுக்கு செய்தால் மூடியை இறுக ஒட்டுங்கள், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயசு.

ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போனால் கணியான் கூத்துப் பக்கம் கூட்டிப் போங்கள். அங்கே உச்சம், மந்தம் என்று ரெண்டு மகுடம் இருக்கும். மகுடம் என்றால் தோல் கட்டிய வட்டப் பறை. அடிப்பதற்கு முன் தீயில் வாட்டுவார்கள். சூட்டில் தோல் விறைத்துச் சத்தம் தெளிந்து வரும். அதைக் கிட்டே நின்று பார்க்கட்டும். ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேரே மட்டும் நிறுத்தாதீர்கள், பிஞ்சுக் காது.

வகுப்பெல்லாம் ஆறேழு வயசில், அவனே ஒரு வாத்தியத்தைக் காட்டிக் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பூவரச இலையின் காம்பைக் கிள்ளி, சுருட்டி, ஒரு முனையை லேசாக நசுக்கி ஊதினால் பீப்பி. அந்த நசுங்கிய முனை துடிக்கிற மாதிரியேதான் காருகுறிச்சி அருணாசலம் ஊதிய நாதஸ்வரத்தின் சீவாளியும், அதாவது வாயில் வைத்து ஊதும் முனையும், துடித்தது. உங்கள் அத்தைக்குப் பீப்பி செய்யத் தெரிந்திருக்கும். பேரனுக்கு ஒன்று சுருட்டிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.