பிளீச்சிங் பவுடர் போட்ட பிறகும் வயிற்றுப்போக்கு ஏன் நிற்கவில்லை?

கேள்வி: வெள்ளம் கிணற்றை மூடி வடிந்து 10 நாள் ஆகிறது. இரண்டு கைப்பிடி பவுடர் தூவிவிட்டோம். ஆனாலும் அக்கம்பக்கத்தில் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. என்ன தவறு?

பதில்: கைப்பிடிதான் தவறு. அதோடு, சேற்றை அள்ளாமல் பவுடர் போட்டிருப்பீர்கள். பவுடரிலுள்ள குளோரினுக்குக் கிருமி, சகதி என்ற பேதம் கிடையாது. முதலில் எது கிடைக்கிறதோ அதோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும். கலங்கல் தண்ணீரில் எவ்வளவு கொட்டினாலும் பாதி வீண்.

முதலில் குப்பை, சேறு, செத்த பிராணி எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கலங்கல் குறையும்வரை இறையுங்கள். ஆனால் ஒரேயடியாக வற்ற இறைக்காதீர்கள். சுற்றியுள்ள மண் நீரில் ஊறிக் கனத்திருக்கும். உள்ளே தண்ணீர் இல்லையென்றால் அந்த அழுத்தத்தில் உறை சரியலாம். எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே தங்கி, இறங்குகிற ஆளைக் கொன்றுவிடும்.

அடுத்தது அளவு. விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் (எல்லாம் மீட்டரில்) × 785 என்று பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் விட்டம், 4 மீட்டர் தண்ணீர் என்றால் 12,560 லிட்டர். சாதாரண நாளில் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் பவுடர் போதும், அதாவது சுமார் 31 கிராம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அது பத்தாது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். புதுப் பவுடரில் குளோரின் சுமார் 33 சதவீதம் என்பதால், இந்தக் கிணற்றுக்கு ஏறக்குறைய 1.9 கிலோ. பிரித்துப் பல நாளாகிக் கட்டி தட்டிப்போன, நெடியே இல்லாத மூட்டையை நம்ப வேண்டாம்.

தூவுவதிலும் கோளாறு உண்டு. ஒரு பிளாஸ்டிக் வாளியில் 100 கிராமுக்கு மேல் போடாமல், கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி 10 நிமிடம் விடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு. அது கிணற்றுக்குள் போனால் தண்ணீரின் கடினத்தன்மைதான் கூடும். மேலே தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டி நீருக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். 1.9 கிலோவுக்கு இப்படிப் 19 வாளி. அலுப்பான வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

12 முதல் 24 மணி நேரம் யாரும் தொட வேண்டாம். பிறகு நெடி போகும்வரை இறைத்துவிட்டு, அன்றாட அளவுக்குத் திரும்புங்கள். போட்ட 30 நிமிடம் கழித்துப் பார்த்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். கொஞ்சம் தண்ணீரைத் தனியாக எடுத்து, குளோரினைச் சோதிக்கும் டிபிடி மாத்திரை போட்டால் அது இளஞ்சிவப்பாக மாறும். நிற அட்டையோடு ஒப்பிட்டு அளவைத் தெரிந்துகொள்ளலாம். பக்கத்தில் கழிவறைக் குழி மூழ்கியிருந்தால் கசிவு தொடர்ந்து வரும். எனவே தினமும் பாருங்கள்.

அதுவரை குடிக்கும் நீர் தளதளவென்று கொதித்த பின் 1 நிமிடம் விட்டு இறக்குங்கள். குளோரினுக்கு மசியாத கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிகூட இதில் சாகும். டீசலோ பூச்சிமருந்தோ கலந்திருந்தால் குளோரினும் உதவாது, கொதிக்கவைத்தும் பயனில்லை. அந்தக் கிணற்றையே விட்டுவிடுங்கள்.

வயிற்றுப்போக்கு வந்தவருக்கு உப்புக்கரைசல் பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து கொடுங்கள்.

கிணறு சுத்தமானதும் எல்லா நோயும் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காலரா தொற்றிய சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் தெரிந்துவிடும். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்கு 15 முதல் 50 நாள் ஆகும். அதாவது அடுத்த மாதம் வருவது வெள்ளத்தன்று குடித்த தண்ணீரால் இருக்கலாம். எலிக்காய்ச்சல் குடிநீரில் மட்டுமல்ல, காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவும் ஏறும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் தெரியும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் போய், வெள்ளத்தில் நடந்ததை மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது.