பாலாற்று மணலும் காம்பியாவும்

கேள்வி: பெல்ஜியம்காரர் டாம் செயின்ட்ஃபீட் நாடு நாடாக மாறிக்கொண்டே இருக்கிறாரே, அவரை நல்ல கால்பந்துப் பயிற்சியாளர் என்று எப்படிச் சொல்வது? (குடியாத்தம் வாசகர்)

பதில்: தாராளமாகச் சொல்லலாம். நமீபியா, ஏமன், மலாவி, டோகோ என்று அவர் போன இடங்கள் ஏராளம். சறுக்கலும் உண்டு. 2016இல் அவர் பயிற்சியில் வங்கதேசம் பூட்டானிடம் 3-1 என்று தோற்றது. டிரினிடாடில் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தார்.

சரி, காம்பியாவைப் பாருங்கள். 2018இல் அவர் போனபோது, ஆப்பிரிக்கக் கோப்பைக்கு ஒருமுறைகூடத் தகுதி பெறாத நாடு அது. 2022 ஜனவரியில் அந்தக் கோப்பைக்காகக் கேமரூனில் ஆட வந்த 24 அணிகளில் உலகத் தரவரிசையில் கடைசி, 150ஆவது இடம். துனிசியாவை 1-0 என்று வென்றார்கள். அப்புறம் கினியா. 71ஆவது நிமிடத்தில் மூசா பாரோ கோல் அடித்தபோது இங்கே வேலூரில் இரவு மணி 11 இருக்கும். நான் போட்ட சத்தத்தில் பேத்தி எழுந்து அழுதாள். காலிறுதியில் கேமரூனிடம் தோற்றார்கள், பரவாயில்லை.

பாலாற்று மணலில் பையன்களுக்கு ஆட்டம் சொல்லித் தருகிறேன். கை கூடிவரும் நேரத்தில் பாதிப் பேர் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். ஜூனில் புதுப் பையன்கள், பந்தை நிறுத்துவதிலிருந்து மறுபடி ஆரம்பம். அந்த வேலையின் கனம் எனக்குத் தெரியும். அவர் அதைப் புது மொழி, புது ஊர் என்று செய்கிறார். 2024இல் பிலிப்பைன்ஸ், அதே ஆண்டில் மாலி.