பனி மாதத்தில் பழக்கன்றுகள்: கேள்வி பதில்

டிசம்பர் மழை ஓய்ந்து வானம் வெளுத்தால், நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும். கன்று வைத்திருப்பவர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கந்தப்பளை: அண்ணா, சின்ன அவகாடோ கன்றின் இலையெல்லாம் விடியற்காலையில் வெந்த மாதிரிக் கறுத்துவிட்டது. வெட்டிவிடவா?

இப்போதைக்குக் கத்தியைத் தொடவேண்டாம் தங்கச்சி. கறுத்த இலை பார்க்க அசிங்கம்தான், ஆனால் அடுத்த பனி இரவில் கீழே இருக்கும் மொட்டுக்கு அதுவே மறைப்பு. மாசி கழிந்து தளிர் வந்தபின்தான் எதுவரை செத்தது என்று தெரியும். அவசரமென்றால் தண்டை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒட்டுக்கன்றாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். அது அடிக்கன்றின் தளிர், மேலே ஒட்டிய நல்ல ரகத்தினுடையது அல்ல.

ராகலை: பள்ளத்து லயனில் எங்கள் கன்று கருகுகிறது, மேட்டு லயனில் ஒன்றுமே இல்லை. ஏன் ஐயா?

மேகமில்லாத, காற்றசையாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். அதைத் தொட்டுக் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் தண்ணீர் போல இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உங்கள் தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருக்கிறதா? இருந்தால் ஓரிடத்தில் திறந்துவிடுங்கள், தேங்கிய குளிர் வடியட்டும். பையில் இருக்கும் கன்றுகளைச் சுவரோரம், கூரை இறவாரத்துக்குள் நகர்த்துங்கள். பகலில் வெயில் வாங்கிய சுவர் இரவில் சூடு விடும். மேகம் மூடிய இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

லிந்துலை: பொலித்தீன் போட்டு மூடியும் கருகிவிட்டதே?

பொலித்தீன் இலையில் பட்டிருக்கும், பட்ட இடமெல்லாம் போகும். நான்கு குச்சி நட்டு, அதன்மேல் சாக்கையோ பழைய சேலையையோ தரைவரை தொங்கவிடுங்கள். நிலத்துச் சூடு உள்ளே நிற்க வேண்டும், அதற்குத்தான் மூடுவது. தண்டோடு இறுக்கிக் கட்டினால் அந்தப் பயன் இல்லை. வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

தலவாக்கலை: அடியில் மானாப்புல் தடிப்பாகப் போட்டிருக்கிறேன். நல்லதுதானே அண்ணா?

மற்ற மாதங்களில் நல்லது. பனி இரவில் அந்தப் புல் மண்ணின் சூட்டை அடக்கிவைப்பதால் மேலே கன்று இன்னும் குளிரும். இந்த இரண்டு மாதமும் ஒதுக்கிவிட்டு மண்ணை வெறுமையாக, ஈரமாக வையுங்கள். ஈரமண் பகலில் அதிகச் சூடு பிடிக்கும். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். ஊறவிடாதீர்கள், அவகாடோ வேர் அழுகிவிடும். பனியில் போனது என்று நாம் நினைக்கும் கன்றுகளில் பல, அதற்கு முந்திய மழையிலேயே வேர் அழுகியவை.

நானுஓயா: குப்பை எரித்துப் புகை போட்டால்?

கண்தான் எரியும். புகை நிலத்துச் சூட்டைத் தடுத்து நிறுத்தாது. இலையில் தண்ணீரைச் சும்மா கொஞ்சம் தெளிப்பதும் உதவாது. பனி உருகும்வரை விடாமல் தெளித்தால் காக்கும், நடுவில் நிறுத்தினால் தெளிக்காததைவிட மோசம்.

வெலிமடை: கன்று தெம்பாக இருக்க யூரியா போடலாமா?

வேண்டாம். நவம்பரிலிருந்தே நிறுத்துங்கள். யூரியா போட்டால் இளந்தளிர் விடும், பனியில் அதுதான் முதலில் கருகும்.

ஹட்டன்: கடை அப்பிள் விதையை நட்டேன், முளைக்கவில்லை மாஸ்டர்.

ஈரத்துணியில் சுற்றி, பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வைத்துவிட்டு நடுங்கள். குளிர் காணாமல் அந்த விதை விழிக்காது. சரி, முளைத்தாலும் தாய்ப்பழம் மாதிரிக் காய்க்காது. வழக்கமான அப்பிளுக்கு ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணிநேரக் குளிர் வேண்டும், நமக்கு எங்கே அவ்வளவு? பழம்தான் வேண்டுமென்றால் 'அன்னா', 'டோர்செட் கோல்டன்' என்ற ஒட்டு ரகங்களைத் தேடுங்கள். அவற்றுக்கு 300 மணிநேரமே போதும். இரண்டையும் சேர்த்து நட்டால் மகரந்தத்துக்கும் வழி.

பண்டாரவளை: டொரொண்டோவில் தம்பி அப்பிள் கன்றைச் சட்டியில் வளர்க்கிறான். பனிக்காலத்தில் வீட்டுக்குள் எடுக்கலாமா?

சூடான வீட்டுக்குள் வேண்டாம், அதற்கு உறக்கம் தேவை. வெளியே சட்டியிலும் விடக்கூடாது. கிளை தாங்கும் குளிரை வேர் தாங்காது. சட்டியோடு மண்ணில் புதைத்து, சுற்றிலும் காய்ந்த இலையைக் குவிக்கச் சொல்லுங்கள், அல்லது ஹீட்டர் இல்லாத கராஜில் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். எலி பட்டையைக் கடிக்கும், தண்டைச் சுற்றிக் கம்பிவலை கட்டட்டும்.