அர்ஜென்டினா என்ன இவங்க மாமனார் ஊரா?

கேள்வி: ஃபுட்பால் உலகக்கோப்பை வந்துட்டா போதும், எங்க தெருவுல பாதி பேர் நீலம் வெள்ளை, பாதி பேர் மஞ்சள் ஜெர்சின்னு திரியுறானுங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு வெடி வேற. அர்ஜென்டினா என்ன இவனுங்க மாமனார் ஊரா? மேப்ல காட்டச் சொன்னா பாதி பேருக்குத் தெரியாது. நம்ம நாடு ஆடாத ஆட்டத்துக்கு இவ்ளோ கூத்து எதுக்கு? இதெல்லாம் போலி ரசிகர் கூட்டம்தானே? இந்தியா டீமுக்கு ஒருநாளாவது இப்படி கத்தியிருப்பாங்களா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: சார், நடுராத்திரி வெடி விஷயத்துல நான் உங்க கட்சி, அதைக் கடைசியில பேசிக்கலாம். முதல்ல இந்த போலிக்கு வரேன். 2022 நவம்பர்ல கத்தார் உலகக்கோப்பை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தோஹா தெருவுல அர்ஜென்டினா, பிரேசில், இங்கிலாந்து ஜெர்சி போட்டுட்டு மேளம் அடிச்சு ஊர்வலம் போனாங்களே நம்மாளுங்க, நிறைய பேர் கேரளாக்காரங்க, அந்த வீடியோ வெளிய வந்ததும் ஐரோப்பாவுல பல பேர் உங்க வார்த்தையைத்தான் சொன்னாங்க. மூஞ்சியப் பாத்தா இங்கிலாந்துக்காரன் மாதிரி இல்லையே, அப்ப கத்தார் காசு குடுத்து இறக்கின கூட்டம்தான்னு. இதுல வேடிக்கை என்னன்னா, கத்தார் நிஜமாவே டிக்கெட், ரூம் எல்லாம் குடுத்து ரசிகர்களை கூட்டிட்டுப் போச்சு, ஆனா அவங்க நெதர்லாந்து, வேல்ஸ் மாதிரி ஆடுற நாடுகள்ல இருந்து போனவங்க. ஊர்வலம் போனவன் அதே ஊர்ல வேலை பாத்துட்டு லீவு நாள்ல வந்தவன். அந்த ஸ்டேடியத்தையெல்லாம் கட்டின தொழிலாளிங்க பல பேருக்கு உள்ள போய் பாக்க வசதி இல்ல, தோஹாவோட இண்டஸ்ட்ரியல் ஏரியா பக்கம் ஏஷியன் டவுன்னு ஒரு இடம், அங்க இருக்கற கிரிக்கெட் ஸ்டேடியத்துல பெரிய ஸ்க்ரீன் கட்டியிருந்தாங்க, வேலை முடிச்சுட்டு வந்து அங்க உக்காந்து பாத்தாங்க. இந்தியா, நேபாளம், பங்களாதேஷ்னு எல்லா ஊர்க்காரனும் இருந்தான், ஒருத்தன் நாடும் அந்த உலகக்கோப்பையில ஆடல. அவனையும் போலின்னு சொல்லுவீங்களா? சொன்னீங்கன்னா நமக்குள்ள பேச்சு இதோட முடிஞ்சுது.

சொந்த நாட்டுக்கு கத்துறவன்தான் அசல்னு ஒரு நினைப்பு உங்க கேள்விக்குள்ள இருக்கு. 1994ல ஆண்ட்ரேஸ் எஸ்கோபார்னு கொலம்பியா டிஃபெண்டர், அமெரிக்கா எதிர்ல தவறுதலா சேம் சைடு கோல் போட்டாரு, ஊருக்குத் திரும்பின கொஞ்ச நாள்ல, ஜூலை 2ஆம் தேதி, மெடெயினுங்கற அவர் சொந்த ஊர்லயே சுட்டுக் கொன்னாங்க. சுட்டவன் பக்கத்து நாட்டுக்காரன் இல்ல. 2021 ஜூலைல யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளோட கோப்பை, அதோட ஃபைனல்ல பெனால்டி விட்டதுக்காக ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாக்கா மூணு கருப்பினப் பசங்களையும் ஆன்லைன்ல நிறத்தைச் சொல்லித் திட்டினவங்கள்ல இங்கிலாந்து ரசிகர்களே இருந்தாங்க. கோழிக்கோட்டுக்காரன் அர்ஜென்டினா தோத்தா சாப்பிடாமப் படுப்பான், மிஞ்சிப்போனா ஃபிரெண்டுகிட்ட ஒருவாரம் பேசமாட்டான். எனக்கு இந்த கடன் வாங்கின பாசமே தேவலாம்னு தோணுது.

இந்தப் பாசம் எங்கிருந்து வந்துச்சுன்னா, பெரும்பாலும் டிவி பொட்டியில இருந்துதான். கொல்கத்தாவுலயும் கேரளாவுலயும் பிரேசில் பைத்தியம் அதுக்கு முன்னாடியே உண்டு, பீலே 1977லயே நியூயார்க் காஸ்மாஸ் டீமோட வந்து ஈடன் கார்டன்ஸ்ல மோகன் பகான் எதிர்ல ஆடிட்டுப் போனவர். அர்ஜென்டினா வந்தது 1986ல. தூர்தர்ஷன் அப்பதான் சின்ன ஊரையெல்லாம் எட்டியிருந்துச்சு. மெக்சிகோவுல உச்சி வெயில் 12 மணிக்கு மேட்ச், ஐரோப்பா டிவிக்கு வசதியா இருக்கட்டும்னு வச்சது, ஆடுறவங்க எல்லாம் புலம்பினாங்க. அந்த 12 மணி நமக்கு ராத்திரி 11:30. ஜூன் 22, இங்கிலாந்து எதிர்ல, பக்கத்து வீட்டு டிவி முன்னாடி தெருவே உக்காந்திருக்கு, மரடோனா கையால ஒண்ணு காலால ஒண்ணுன்னு நாலு நிமிஷ இடைவெளியில போட்டாரு. அதுவும் யார் எதிர்ல? இருநூறு வருஷம் நம்மள ஆண்டவன் எதிர்ல. இதுக்கு மேல என்ன சார் சொந்தம் வேணும். அந்த ராத்திரி முழிச்சிருந்த அப்பன் ஜெர்சியை மகனுக்குக் குடுத்தான், மகன் மெஸ்ஸியைப் பாத்தான்.

மேப்ல காட்டத் தெரியாதுன்னு சொன்னீங்க. பங்களாதேஷ்ல இதைவிடப் பெரிய பைத்தியம், டாக்கா யுனிவர்சிட்டில ஸ்க்ரீன் கட்டி ஆயிரக்கணக்குல கத்தினது உலகம் பூரா ஓடுச்சு. 1978ல மூடிட்டுப் போன டாக்கா தூதரகத்தை அர்ஜென்டினா 2023 பிப்ரவரியில திரும்பத் திறந்துச்சு, வெளியுறவு மந்திரியே நேர்ல வந்தாரு. அதுக்கு முன்னாடியே அர்ஜென்டினாக்காரங்க பங்களாதேஷ் கிரிக்கெட் டீமுக்கு ஃபேஸ்புக்ல ரசிகர் குரூப் ஆரம்பிச்சு லட்சக்கணக்குல சேந்துட்டாங்க, எல்பிடபிள்யூன்னா என்னன்னு கேட்டுக் கேட்டு. அவங்களும் போலிதானா?

நீங்க கவனிக்காத ஒரு விஷயம் சொல்றேன். அர்ஜென்டினாவுல பொறந்தவனுக்கு உலகக்கோப்பை சமயத்துல தெருவுல எதிரியே கிடையாது. வீடு, ஆபீஸ், டீக்கடை எல்லாம் ஒரே கலர். யாரைக் கலாய்ப்பான்? நம்மூர்ல அப்படி இல்ல, அண்ணன் பிரேசில் தம்பி அர்ஜென்டினா, எதிர்வீட்டுல ஒரு போர்ச்சுகல், எவன் தோத்தாலும் காலையில பல்லு விளக்கறதுக்கு முன்னாடி ஒருத்தன் வாசல்ல நிப்பான். கோழிக்கோடு பக்கம் புல்லாவூர்ல ஆத்துக்கு நடுவுல மெஸ்ஸிக்கு 30 அடி கட்அவுட் வச்சாங்க, பிரேசில்காரன் சும்மா இருப்பானா, நெய்மருக்கு 40 அடி, அதைவிட உசரமா அப்புறம் ஒரு ரொனால்டோ. ஆத்துத் தண்ணி ஓட்டத்தை மறிக்குதுன்னு புகார் கூடப் போச்சு. நம்ம ஊர்ல முதல் நாள் முதல் ஷோ கட்அவுட் பாத்தவங்களுக்கு இது புரியாதா என்ன.

2022 டிசம்பர் 9 ராத்திரி நீங்க தூங்கியிருப்பீங்க. 8:30க்கு பிரேசில் குரோஷியா. கூடுதல் நேரத்துல நெய்மர் போட்டாச்சு, மஞ்சள் ஜெர்சியெல்லாம் எழுந்து ஆடியாச்சு, இன்னும் மூணு நாலு நிமிஷம்தான், 117வது நிமிஷத்துல பெட்கோவிச் அடிச்சது ஒரு டிஃபெண்டர் மேல பட்டு உள்ள போயிடுச்சு. 120 நிமிஷத்துல குரோஷியா கோல் பக்கம் சரியா அடிச்சது அந்த ஒண்ணுதான். அப்புறம் பெனால்டியில பிரேசில் வெளியே. அர்ஜென்டினா பசங்க அந்நேரத்துக்கே வெடி வாங்கிட்டாங்க. அவங்க மேட்ச் 12:30க்கு, நெதர்லாந்து எதிர்ல, 2-0ன்னு சொகுசா உக்காந்திருக்காங்க, 83வது நிமிஷம் வெக்ஹோர்ஸ்ட்னு ஒரு நெட்டையன் தலையால ஒண்ணு. சரி போகட்டும்னா, கடைசி நொடியில ஃப்ரீகிக், எல்லாரும் கோல் பாத்து அடிப்பான்னு சுவர் கட்டி நிக்கறாங்க, அடிக்க வந்த நெதர்லாந்துக்காரன் தரையோட உருட்டி உள்ள ஒரு பாஸ், அதே வெக்ஹோர்ஸ்ட், 2-2. தூங்கப்போன பிரேசில்காரன் எல்லாம் லைட்டைப் போட்டு எழுந்து வந்துட்டான் சார், அவன் டீம் ஊருக்குக் கிளம்பிடுச்சு ஆனாலும் இவன் தோக்கறதைப் பாக்கணுமே! கடைசியில பெனால்டியில அர்ஜென்டினா தப்பிச்சுது, மணி மூணு தாண்டிடுச்சு. அந்த சந்தோஷமும் வயித்தெரிச்சலும் பியூனஸ் அயர்ஸ்காரனுக்குக் கூட கிடைக்காது, அவனுக்குப் பக்கத்து வீட்டுல பிரேசில்காரன் இல்ல.

கட்சி சேராமப் பாக்கறதுலயும் ருசி இருக்கு. குரூப்ல கடைசி ரெண்டு மேட்ச்சும் ஒரே நேரத்துல நடக்கும், 1982ல அல்ஜீரியா மேட்ச் முந்தின நாளே முடிஞ்சிருந்ததால, 1-0 ஆனா ரெண்டு பேரும் உள்ளேன்னு தெரிஞ்சுக்கிட்டு மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் அதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேந்து சும்மா பந்தை உருட்டி அல்ஜீரியாவை வெளிய அனுப்பினதால வந்த ஏற்பாடு இது. 2022ல ஜப்பான் ஸ்பெயின் டிவியில, ஜெர்மனி கோஸ்டாரிகா மொபைல்ல, ரெண்டையும் வச்சுப் பாத்தவனுக்குத்தான் தெரியும், ஒரு மூணு நிமிஷம் ஸ்பெயினும் ஜெர்மனியும் ரெண்டு பேரும் வெளியே போற நிலைமை! மறுநாள் ஹைலைட்ஸ்ல கோல் வரும், அந்த மூணு நிமிஷப் பதட்டம் வராது.

அதுக்காக எல்லாரையும் தூக்கிவச்சு ஆடமாட்டேன். ஆட்டத்தை விட்டுட்டு ஒரு ஆளை மட்டும் கும்பிடறவன் எனக்கு ஒத்துவராது. மெஸ்ஸி 2011ல கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல வெனிசுவேலா எதிர்ல முழு மேட்ச் ஆடினாரு, ஜனம் அழகா பாத்துட்டுப் போச்சு. 2025 டிசம்பர்ல அதே ஸ்டேடியத்துக்கு சும்மா கை காட்ட வந்தாரு, ஆயிரக்கணக்குல காசு குடுத்தவனுக்கு அவரைச் சுத்தி நின்ன விஐபி முதுகுதான் தெரிஞ்சுது, நாற்காலியைப் பிச்சு எறிஞ்சாங்க. ஏமாத்தினவங்க மேல கோபம் நியாயம்தான், ஆனா கை காட்டறதைப் பாக்க அவ்ளோ காசு எதுக்கு குடுத்தோம்னும் யோசிக்கணும்ல. அப்புறம் ரெண்டு ரீல்ஸ் பாத்துட்டு மெஸ்ஸியா ரொனால்டோவான்னு சண்டை போடற கூட்டம் ஒண்ணு இருக்கு, தொண்ணூறு நிமிஷம் உக்காந்து ஒரு 0-0 மேட்ச் பாத்திருக்கமாட்டான். உங்க போலி முத்திரையை அவன் நெத்தியில குத்துங்க, நான் தடுக்கல.

இப்ப இந்தியா. 2018 ஜூன் 1, மும்பை, சீன தைபே, அதாவது தைவான் எதிர்ல இந்தியா 5-0ன்னு ஜெயிக்குது, சுனில் சேத்ரி ஹாட்ரிக். ஸ்டேடியத்துல இருந்தவங்க 2,569 பேர். மறுநாள் அந்த கேப்டன் வீடியோ போட்டு, எங்களைத் திட்டுங்க, விமர்சனம் பண்ணுங்க, ஆனா ஸ்டேடியத்துக்கு வாங்கன்னு கெஞ்ச வேண்டியதாப்போச்சு. அடுத்த கென்யா மேட்ச், அவரோட 100வது, டிக்கெட் மொத்தமும் காலி, கொட்டற மழையில நனைஞ்சுட்டே பாத்தாங்க. வந்தவங்கள்ல பாதி பேர் வீட்டுல பார்சிலோனா ஜெர்சியும் இருந்திருக்கும். மெஸ்ஸியைப் பாக்கறதால இந்தியாவைப் பாக்காமப் போறாங்கன்னு நீங்க போடற கணக்கு தப்பு, மும்முரமா ஃபுட்பால் பாக்கற ஊர்லதான் லோக்கல் மேட்ச்சுக்கும் ஆள் வருது. இந்தியா டீமைப் பாக்க ஆள் குறைவுன்னா அதுக்குக் காரணம் அர்ஜென்டினா இல்ல. 2019ல தாய்லாந்து கிங்ஸ் கப்ல நம்மள 3-1ன்னு அடிச்ச குராசாவ், சுமார் ஒன்றரை லட்சம் பேர் இருக்கற தீவு சார், 2026 உலகக்கோப்பைக்குத் தகுதி வாங்கிடுச்சு. 140 கோடி பேர் வச்சுக்கிட்டு நாம ஏன் வாங்கலன்னு கேக்க வேண்டிய இடம் உங்க தெருப் பசங்க இல்ல, ஃபெடரேஷன் ஆபீஸ்.

நீங்க நாகர்கோவில்னு போட்டிருக்கீங்க. அங்கிருந்து பஸ் ஏறினா தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கம் கடற்கரை ஊர் பூரா ஃபுட்பால்தான், மைக்கேல் சூசைராஜ் அந்த மணல்ல இருந்து கிளம்பித்தான் ஐஎஸ்எல்ங்கற இந்தியன் சூப்பர் லீக்குக்கும் இந்தியா டீமுக்கும் போனாரு. வடசென்னை வியாசர்பாடியில இருந்து தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சிக்கு வந்தாரு. இந்த ரெண்டு ஊர்லயும் உலகக்கோப்பை சமயத்துல போய்ப் பாருங்க, பிரேசில் கொடி பறக்கும், அந்தக் கொடிக்குக் கீழதான் பசங்க ஆடிட்டிருப்பாங்க. நீங்க எப்ப சார் கடைசியா ஒரு லோக்கல் டோர்னமெண்ட்டுக்குப் போய் ஓரமா நின்னு பாத்தீங்க? எழுதுங்க, அடுத்த இதழ்ல போடறேன்.

வெடிக்கு வரேன். ராத்திரி ரெண்டு மணிக்கு வெடி போடறது தப்பு, பச்சைக் குழந்தையும் வயசானவங்களும் இருக்கற தெருவுல ரொம்பத் தப்பு, அர்ஜென்டினா ஜெயிச்சாலும் இந்தியா ஜெயிச்சாலும். பசங்களைக் கூப்பிட்டுச் சொல்லிப் பாருங்க, கேக்கலன்னா போலீஸுக்கு போன் பண்ணுங்க. ஃபைனல் அன்னிக்கு மட்டும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கோங்க, எப்படியும் அந்த சத்தத்துல நீங்களும் முழிச்சுத்தான் இருப்பீங்க, ஸ்கோர் என்னன்னு பால்கனியில இருந்து கேட்டுக்கலாம்.