பழைய தண்ணீர்ப் பம்ப் எஞ்சினை வீட்டில் செய்யும் மினி பைக்கில் பொருத்தி ட்யூன் செய்வது எப்படி? கவர்னரைக் கழற்றிவிடலாமா?

கவர்னரை, அதாவது எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் பிடித்துவைக்கும் அமைப்பை, இப்போதைக்குத் தொடாதீர்கள். லேத் பட்டறையில் வேலை செய்யும் நான், ஹோண்டா ஜிஎக்ஸ் 200 எஞ்சினைப் பார்த்துச் செய்யப்பட்ட 196 சிசி பம்ப் எஞ்சின் ஒன்றை வைத்து ஒரு மினி பைக் கட்டினேன். ட்யூனிங்கில் கோளாறு என்று நான் நினைத்தவற்றுள் பெரும்பாலானவை பொருத்தியதில் நேர்ந்த கோளாறுகளாகவே இருந்தன.

முதலில் எஞ்சினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஷாஃப்டை (சுழல்தண்டை) வெர்னியரால் அளந்து பாருங்கள். இவ்வகை எஞ்சின்களில் முக்கால் அங்குல ஷாஃப்டும் (19.05 மி.மீ.) 20 மி.மீ. ஷாஃப்டும் உண்டு, கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்கான கிளட்சை மற்றதில் ஏற்ற எமரி தாளால் தேய்ப்பது வீண் வேலை. பம்புக்கென்றே மரை வெட்டிய ஷாஃப்டாக இருந்தால் அதில் கிளட்ச் உட்காரவே உட்காராது. ஷாஃப்டின் முனையை நேராகப் பார்த்தால் எஞ்சின் இடஞ்சுழியாகச் சுற்றும் என்பதால், அந்த முனை வண்டியின் இடப்பக்கம் வர வேண்டும். மாற்றி வைத்தால் வண்டி பின்னோக்கிப் போகும்.

அடுத்தது பல் விகிதம். நான் ஆசைப்பட்டு முன்னால் கிளட்சில் 12 பல்லும் பின்சக்கரத்தில் 48 பல்லும் வைத்தேன். சுற்று வேகம் ஏறும்போது உள்ளிருக்கும் ஷூக்கள் விரிந்து வெளி டிரம்மைத் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிபியூகல் கிளட்ச் முழுதாகப் பிடிக்க முடியாமல் வழுக்கிக்கொண்டே இருந்ததில், அரை நாளுக்குள் அதன் டிரம் நீலம் பாய்ந்து, ஷூ கருகிய நாற்றம் பட்டறை முழுவதும் பரவியது. பிறகு 10-க்கு 60 என்று மாற்றினேன். டயரின் வெளிவிட்டம் 33 செ.மீ.; எஞ்சின் நிமிடத்துக்கு 3600 சுற்றில் ஓடும்போது சக்கரம் 600 சுற்றுச் சுற்றும், வேகம் மணிக்கு ஏறத்தாழ 37 கி.மீ. வரும். அந்தச் சிறிய சட்டத்துக்கும் பிரேக்குக்கும் அதுவே அதிகம். ஐடிலையும் (ஆக்சிலரேட்டரைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தையும்) கூட்டி வைக்காதீர்கள்; 1400 சுற்றை ஒட்டி இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் நிற்கும்போதும் ஷூ உரசிச் சூடாகும்.

எஞ்சின் உட்காரும் தட்டைச் சட்டத்தில் டேக் (சிறு வெல்டிங் பொட்டு) மட்டும் வைத்து, இரண்டு பல்சக்கரங்களின் மீதும் இரும்பு ஸ்கேலைச் சாய்த்து நேர் பார்த்துவிட்டு, முழு வெல்டிங் முடிந்து ஆறியபின் மறுபடியும் பாருங்கள். எனக்குச் சூட்டில் தட்டு 3 மி.மீ. இழுத்துக்கொண்டது; செயின் மூன்று முறை கழன்று விழுந்த பிறகுதான் அது தெரிந்தது. போல்ட் துளைகளை நீள்துளையாக வெட்டியிருந்ததால் தப்பித்தேன்.

இவ்வளவும் சரியான பிறகுதான் ட்யூனிங். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளால்) இன்டேக் வால்வுக்கு 0.15, எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.20 மி.மீ. இடைவெளி வையுங்கள், பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை இருக்கலாம். திறந்த ஏர் ஃபில்டரும் நேர்க்குழாய் சைலன்சரும் மாட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து பிளக் முனை வெளுத்துவிடும். அப்போது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளைத்திருகான மெயின் ஜெட்டை ஓரளவு பெரியதாக மாற்றி, முனை பிஸ்கட் நிறத்துக்கு வரும்வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய ஜெட்டை ஊசியால் குடைந்து பெரிதாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; அதன்பின் எந்த அளவும் நம் கையில் நிற்காது.

இனி கவர்னர். இந்த எஞ்சினில் ஆயில் பம்ப் கிடையாது. அலுமினியக் கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு நாக்குதான் ஆயிலை வாரி இறைக்கிறது. 3600-ஐ வெகுவாகத் தாண்டி ஓட்டினால் வால்வு ஸ்பிரிங் ஈடுகொடுக்காது, ராடு முறியலாம், வார்ப்பிரும்பு ஃபிளைவீல் உங்கள் தொடைக்கு அருகிலேயே வெடிக்கலாம். இம்மூன்றையும் அதிவேகத்துக்கென்றே செய்யப்பட்டவையாக மாற்றாமல் கவர்னரைக் கழற்றுவதை நான் ஏற்கமாட்டேன். கவர்னர் இருந்தாலும் ஹேண்டில்பாரில் எஞ்சினை உடனே நிறுத்தும் கில் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். பதிவு செய்ய முடியாத வண்டி என்பதால் தோட்டம், களம் தவிர வேறெங்கும் ஓட்ட வேண்டாம்.