கண்ணாடிக்குக் காற்று வரவில்லை!

கேள்வி: தேன்கனிக்கோட்டையிலிருந்து விடியற்காலையில் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். மார்கழிப் பனியில் காரின் முன்கண்ணாடி உள்பக்கம் ஆவி படிந்துவிடுகிறது. ஆவியைப் போக்கும் டிஃபாகரைப் போட்டாலும் காற்று காலடியில்தான் வருகிறது. காற்றை ஊதும் புளோயர் போய்விட்டதா?

பதில்: காலுக்குக் காற்று வருகிறதென்றால் புளோயர் நன்றாகத்தான் இருக்கிறது, அதை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் ஃபிளாப் என்ற சின்னக் கதவு சிக்கியிருக்கும். திருகும் குமிழ் வைத்த பழைய மாடல் என்றால் பெரும்பாலும் கேபிள் கழன்றிருக்கும், திருகினால் பிடிப்பே இல்லாமல் லொடலொடவென்று சுற்றும். பட்டன் வைத்த வண்டியில் ஃபிளாப்பை அசைக்கும் சின்ன மோட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள், கெட்டுப்போனால் சில சமயம் உள்ளே டிக் டிக்கென்று அடிக்கும். அதுவரை ஏசியைப் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். குளிருக்கு ஏசியா என்று வீட்டில் திட்டுவார்கள்தான், ஆனால் ஈரத்தை எடுப்பது அதுதான். கூடவே ஹீட்டரையும் போடலாம். கண்ணாடியைக் கையால் துடைக்காதீர்கள், பிசுக்கு ஒட்டி எதிர் லாரி வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது.